துரைக்குக் கக்கூஸ் பிடிக்கலையாம்

"பூனை பழி வாங்குது மாமா"ன்னு போன்ல சொன்ன பாரு, அதை நெனச்சு நெனச்சு எனக்கு இன்னும் புரையேறுது மருமவனே. பழி வாங்கணும்னா முதல்ல கணக்கு வேணும். யாரு என்ன செஞ்சான், என்னிக்குச் செஞ்சான், எங்க தட்டினா வலிக்கும்னு எழுதி வச்சுக்கணும். அதெல்லாம் அந்தக் காலத்துக் கிராணிமாரு வேலை. தின்னுட்டு வாயைத் தொடைக்கிறதுக்குள்ள தின்னதையே மறந்துட்டு மறுபடி வந்து காலைச் சுத்துற ஜென்மத்துக்கு அவ்வளவு பெரிய பேரேடு ஏது? மெத்தையில ஈரத்தைப் பார்த்த. அதுக்கு முன்னாடி நீ அதை அதட்டினது ஞாபகம் வந்துச்சு. ரெண்டையும் முடிச்சுப் போட்டுட்டு, 'வஞ்சம் வச்சிருக்கு'ன்னு தீர்ப்பும் எழுதிட்ட. செலண்டார்ல பாதிப் பேருக்கு வருமான வரிப் பாரம் நிரப்பிக் குடுக்குற பிள்ளை நீ. நாலு கிலோ பூனை உன்னைத் திட்டம் போட்டு ஏமாத்திடுச்சுன்னு வெளிய சொல்லாதே. கோப்பிக் கடையில நான் தலை காட்ட முடியாது.

நடந்ததை நான் சொல்றேன், சரியான்னு பாரு. தாமான்ல வீடு வாங்கின. முன்னாடியும் பின்னாடியும் ஒரு சாண் மண்ணு தெரியாம சிமெண்டு பூசி, அதுக்கு மேல டைல்ஸும் ஒட்டின. பாசார் பக்கம் கத்திக்கிட்டுக் கிடந்த கம்பத்துப் பூனையைத் தூக்கிட்டு வந்து 'துரை'ன்னு பேரு வச்ச. பேரு பொருத்தம்தான். சோபாவுல சாஞ்சுக்கிட்டு அது நம்மளை ஏற இறங்கப் பார்க்குற பார்வைக்கு முன்னால பழைய வெள்ளைக்காரத் துரை தோத்தான். பின்னறையில அதுக்கு ஒரு மணல் பெட்டி வச்ச. ஒழுங்காப் போயிக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் உன் வீட்டுக்காரி மாசமானா. பின்னறை பிள்ளை அறையாச்சு. உன் மாமியார் பெட்டி படுக்கையோட வந்து இறங்கினாங்க. துரையோட பெட்டி துணி துவைக்கிற மிஷினுக்குப் பின்னால போச்சு. அதுக்கப்புறம்தான் மெத்தை, அப்புறம் அழுக்குத் துணிக் கூடை, கடைசியா மாமியாரோட கைப்பை. கைப்பை விஷயத்துல துரைக்கும் எனக்கும் அபிப்பிராய பேதம் கிடையாது. அதை அவங்க ஊருக்குப் போன பிறகு பேசிக்குவோம்.

உனக்குத் தோட்டம் தெரியாது. நீ நடக்கப் பழகினப்பவே நாம லயத்தைக் காலி பண்ணிட்டோம். அதனால ஒரு பழைய கதையைக் கேட்டுக்க. மலாயாவோட முதல் ரப்பர் தோட்டம் இந்த மலாக்கா மண்ணுலதான் வந்துச்சு. 1896-ல டான் சே யான்னு ஒரு சீனத் தவுக்கே புக்கிட் லிந்தாங்ல நட்டாரு. அப்புறம் நம்ம பக்கத்துல இருக்குற புக்கிட் அசஹான்ல பெரிய அளவுல நட்டாரு. மரம் வளர்ந்துச்சு, சீவுறதுக்கு நம்ம ஆளுங்க கப்பலேறி வந்தாங்க. மரத்துக்கு மரம் இடைவெளி அளந்து விட்டாங்க, உரம் வச்சாங்க, பட்டையில நோய் வந்தா மருந்து பூசினாங்க. ஆளுங்களுக்கு மட்டும் லயத்துக்குப் பின்னாடி வரிசையா வாளிக் கக்கூஸ் கட்டிட்டு, கட்டினதையே மறந்துட்டாங்க. எங்க தோட்டத்துல பல குடும்பத்துக்கு ஒண்ணு. கதவு இருந்தா தாழ்ப்பாள் இருக்காது, தாழ்ப்பாள் இருந்தா தண்ணி இருக்காது. வாளி எடுக்குற ஆளு என்னிக்கு வருவாருன்னு அவருக்கே தெரியாது. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு எத்தனை நாளைக்குப் போறது? சனம் ரப்பர் காட்டுக்குள்ள ஒதுங்குச்சு. வெறுங்காலோட போயி கொக்கிப்புழுவை வாங்கிட்டு வந்துச்சு.

ஆபீஸ்ல உக்காந்திருந்தவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? "கட்டிக் குடுத்தாலும் இந்த சனத்துக்குச் சுத்தம் தெரியாது"ன்னாங்க. சொன்னவங்கள்ல ஒருத்தராவது அந்தக் கக்கூஸுக்குள்ள தலையை விட்டுப் பார்த்ததை நான் பார்த்ததில்ல. இப்போ நீ துரையைப் பத்திச் சொன்னது அச்சு அசல் அதே வார்த்தை. சந்தோஷம்டா மருமவனே. நம்ம வம்சத்துலயும் ஒரு மானேஜர் வந்துட்டான்.

நமக்காவது 1954-ல தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் வந்துச்சு. 1966-ல தொழிலாளர் வீட்டுக்குக் குறைஞ்சபட்சத் தரம்னு ஒரு சட்டம், 1990-ல அதுக்குப் பதிலா 446-ஆவது சட்டம்னு வந்து, குடியிருப்பு இப்படித்தான் இருக்கணும்னு எழுத்துல வச்சுட்டாங்க. துரைக்குச் சங்கமும் இல்ல, சட்டமும் இல்ல, மனு எழுதக் கையும் இல்ல. அதான் மெத்தையில எழுதிட்டுப் போயிருக்கு. மனு நாறுதுன்னு தூக்கிப் போடாதே. படிச்சுப் பாரு.

மனுவை முதல்ல காட்ட வேண்டியது மிருக டாக்டர்கிட்ட. உன் மாமியார் எலுமிச்சம்பழம் சுத்திப் போடச் சொன்னாங்களாமே, போடட்டும், பழத்துக்குக் கேடு இல்ல. ஆனா டாக்டர் பார்த்த பிறகு போடட்டும். பெட்டியில ஒழுங்காப் போயிக்கிட்டிருந்த பூனை திடீர்னு வெளிய போனா, பல நேரம் கோளாறு உடம்புலதான். போகும்போது வலிச்சா, அந்தப் பெட்டிதான் வலிக்க வைக்குதுன்னு அது நெனச்சுக்கும். வலிக்காத இடம் தேடி மெத்தைக்கு வரும். சக்கரை வியாதி வந்த பூனையும் சிறுநீரகம் தளர்ந்த பூனையும் கூடக் கூடத் தண்ணி குடிச்சுக் கூடக் கூடப் போகும். அந்த வேகத்துக்குப் பெட்டி தாங்காது. வயசான பூனைக்கு மூட்டுத் தேய்மானம். 2002-ல வந்த ஒரு ஆய்வுல 12 வயசு தாண்டின 100 பூனைங்களோட எக்ஸ்ரேயைப் பார்த்தாங்க. 90 பூனைக்கு மூட்டுல தேய்மானம் இருந்துச்சு. உன் அத்தையே குளியலறைப் படியில ஏற மாட்டேங்கிறா, கிழட்டுப் பூனை உசரமான பெட்டிக்குள்ள குதிச்சுப் போகணும்னு நீ எதிர்பார்க்குற.

துரை இளவட்டம். அந்த வயசுல மூத்திரக் கோளாறுன்னு டாக்டர்கிட்ட வர்ற பூனைங்கள்ல பாதிக்கு மேல சோதிச்சுப் பார்த்தா கிருமி இருக்காது, கல்லும் இருக்காது. சிறுநீர்ப்பை மட்டும் உள்ளுக்குள்ள வீங்கிக் கிடக்கும். அதைக் கிளப்பி விடுறதுல பெரிய பங்கு பதற்றத்துக்கு. வீடு மாறினது, சாமான் மாறினது, புது ஆள் வந்தது, இதெல்லாம் மனுசனுக்குத் தலைவலியா வரும், பூனைக்கு மூத்திரப்பையில வரும். பெரும்பாலும் ஒரு வாரத்துல தானா அடங்கிடும். வீட்டுல அமைதி இல்லேன்னா திரும்ப வரும்.

இதுல ஆம்பளைப் பூனைக்கு ஒரு தனி ஆபத்து இருக்கு. விளையாட்டுப் பேச்சை நிறுத்திட்டுச் சொல்றேன், காதைக் குடு. ஆம்பளைப் பூனையோட மூத்திரக் குழாய் நுனியில ரொம்பக் குறுகல். சளியும் பொடி உப்புக் கல்லும் சேர்ந்து அங்க அடைச்சுக்கும். அடைச்சா விஷம் வெளிய போக வழியில்லாம ரத்தத்துல ஏறும், பொட்டாசியம் கூடிப் போயி இதயத்தையே நிறுத்திடும். ரெண்டு மூணு நாள்ல உயிர் போயிடும், சில பூனைக்கு அதுக்கு முன்னாடியே. பெட்டிக்கும் தரைக்கும் மாறி மாறிப் போயிக் குந்தும். முக்கும், கத்தும், அடிப்பக்கத்தை நக்கிக்கிட்டே இருக்கும். சொட்டு வரும், இல்லேன்னா ரத்தம் வரும், இல்லேன்னா ஒண்ணுமே வராது. அப்புறம் வாந்தி. மலச்சிக்கல்னு நெனச்சு விளக்கெண்ணெய் ஊத்தி ஒரு நாளைக் கடத்தினவங்க நிறையப் பேரு, அந்த ஒரு நாள்தான் பூனையோட கடைசி நாள்.

வலிக்குதுன்னா அரைப் பனடோல் குடுக்கலாமான்னு கேட்டியே. குடுக்கலாம். துரையோட தொல்லையும் தீரும், துரையும் தீரும். பனடோல்ல இருக்குற பாராசிட்டமாலை உடைச்சு வெளிய தள்ளுற வழி பூனையோட ஈரல்ல சரியா கிடையாது. அது ரத்தத்தோட பிராணவாயு சுமக்குற சக்தியைக் கெடுத்துடும், ஈறு பழுப்பு நிறமாயிடும், மூச்சு வாங்கும். நாம தலைவலிக்குப் போடுற ஒத்தை மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

டாக்டர் உடம்பு நல்லா இருக்குன்னு சொல்லிட்டா, அடுத்த வேலை துப்பறியுறது. துரை குந்தியிருந்து போச்சா, நின்னுக்கிட்டு அடிச்சுச்சா? ரெண்டும் வேற வேற மனு. மெத்தையில, துணிக் கூடையில, கைப்பையில குளமாக் கிடந்தா அது குந்திப் போனது. அதுக்குப் பெட்டியைப் பாரு, உடம்பைப் பாரு. உன் முன் ஹால் திரைச்சீலையில முழங்கால் உசரத்துக்குக் கோடு இறங்கியிருந்துச்சே, அது வேற கதை. கடுவன் பூனை எல்லை போடுறப்போ கவனிச்சுப் பாரு. திரைச்சீலைக்குப் புட்டத்தைக் காட்டி நிக்கும், வாலைச் செங்குத்தாத் தூக்கும், வால் நுனி மட்டும் கிடுகிடுன்னு நடுங்கும், பின்னங்கால் ரெண்டும் நின்ன எடத்துலயே மிதிக்கும், மெல்லிசா ஒரு பீச்சு பின்னால போகும். முடிச்சுட்டு ஒண்ணும் நடக்காத மாதிரி நடந்துடும். அது கக்கூஸ் வேலை இல்ல. 'இந்த வீட்டுல ஆம்பளை நான்'ங்கிற அறிவிப்பு.

அறிவிப்பு யாருக்குன்னு நெனக்கிற? உனக்கு இல்ல, நீ ஆட்டத்துலயே இல்ல. பின் சுவத்துல ராத்திரி வந்து உக்காருதே ஒரு காதறுந்த கடுவன், அதுக்கு. சன்னல் கீழ்ப்பாதியை மறை, வெளிப்பூனைக்கு வாசல்ல தீனி வைக்கிறதை நிறுத்து, துரைக்குக் கருத்தடை ஆபரேஷன் பண்ணு. "பாவம் மாமா, ஆம்பளைத்தனம் போயிடும்"னு இழுத்துக்கிட்டே இருக்குற. உன் ஆம்பளைத்தனத்துக்கும் துரையோட ஆபரேஷனுக்கும் என்னய்யா சம்பந்தம்? பண்ணின கடுவன்கள்ல 10-க்கு கிட்டத்தட்ட 9 அடிக்கிறதை நிறுத்திடும், இல்ல ரொம்பக் குறைச்சுக்கும். நாத்தத்தோட காரமும் குறையும். பத்துல ஒண்ணு பிடிவாதம் பிடிக்கத்தான் செய்யும். மனுசன்லயும் அந்தக் கணக்குதான்.

இனி கக்கூஸ் சோதனை. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். துரை விஷயத்துல நான் போய்ப் பார்த்தேன், கூடம் நெசமாவே கோணல்தான். நீங்கள்லாம் முன்னால டிவி பார்த்துக்கிட்டு இருந்தப்போ நான் பின்னால போயி அடுப்படி வாசல்ல உக்காந்து துரையைக் கவனிச்சேன். மிஷினுக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு சந்து. சந்துக் கடைசியில மூடி போட்ட, ஆடுற கதவு வச்ச பெட்டி. துரை வந்துச்சு. கதவைத் தலையால முட்டித் திறந்துச்சு. உள்ள இருந்து வந்த நாத்தத்துல மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு நின்னுச்சு. முன்னங்காலை மணல்ல வச்சுச்சு, எடுத்து உதறுச்சு. அப்புறம் நாலு காலையும் விளிம்புல வச்சுக் கம்பி மேல நிக்கிற சர்க்கஸ்காரன் கணக்கா உடம்பைச் சமாளிச்சுச்சு. அந்த நேரம் பார்த்து மிஷின் சுத்த ஆரம்பிச்சுச்சு பாரு, தடதடன்னு. துரை ஒரே பாய்ச்சல்ல வெளிய. தோண்டவும் இல்ல, மூடவும் இல்ல. நேரா துணிக் கூடைக்குப் போச்சு. நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப? பக்கத்து வீட்டுக்குப் போயிருப்ப.

அந்த மணலை எடுத்து மோந்து பார்த்தேன். லாவெண்டர் வாசனையாம். அந்த வாசனை யாருக்காக வாங்கின? உனக்காக. நம்மளைவிடப் பல மடங்கு மோப்பம் பிடிக்கிற மூக்கு அதுக்கு. மூடியும் உனக்காகத்தான், கண்ணுல படக் கூடாதுன்னு. சந்தும் உனக்காகத்தான், விருந்தாளி பார்க்கக் கூடாதுன்னு. துரைக்காகன்னு அந்தப் பெட்டியில எதுவுமே இல்ல. பெட்டி மேல ஒட்டியிருந்த பூனைப் படம் மட்டும்தான் சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு.

பூனையோட பூர்வீகம் வட ஆப்பிரிக்கா, மேற்காசியா பக்கம். வறண்ட மண்ணு. அங்கிருந்த காட்டுப்பூனைதான் தானியக் களஞ்சியத்து எலியைத் தேடி மனுசன்கிட்ட ஒட்டிக்கிச்சு. சைப்ரஸ் தீவுல ஏறக்குறைய 9,500 வருஷத்துக்கு முந்தின ஒரு புதைகுழியில மனுசனுக்குப் பக்கத்துலயே ஒரு பூனையையும் புதைச்சிருக்காங்க. அந்த வறண்ட பூமிப் பழக்கம் இன்னும் போகல. பொடி மண்ணு வேணும், காலால பறிக்கணும், போகணும், மூடணும். லயத்துல இருந்தப்போ நம்ம பூனைக்கு இதுல பிரச்சினையே வந்ததில்ல. கத்திரிக்காய்ப் பாத்தி இருந்துச்சு, அடுப்புச் சாம்பல் இருந்துச்சு, ரப்பர் காடு இருந்துச்சு. வெளிநாட்டுலயும் முன்னெல்லாம் சாம்பலும் மணலும்தான். 1947-ல அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல எட் லோவ்னு ஒரு ஆளு, பக்கத்து வீட்டம்மா பூனைக்கு மணல் கேட்டப்போ, எண்ணெய் உறிஞ்சுறதுக்கு வித்துக்கிட்டிருந்த காய்ஞ்ச களிமண்ணைக் குடுத்துப் பார்த்தாரு. பூனைக்குப் பிடிச்சுப் போச்சு, அவரு கோடீஸ்வரர் ஆயிட்டாரு. 1980-கள்ல ஈரம் பட்டா உருண்டையாக் கட்டுற பெண்டோனைட் களிமண் வந்துச்சு. இன்னிக்கு நீ பை பையாத் தூக்கிட்டு வர்ற பூனை மணல் அதுதான். வாசனை இல்லாத, பொடிசா இருக்குறதை வாங்கு. நீ மண்ணை எல்லாம் சிமெண்டு போட்டு மூடிட்ட. மூடின மண்ணைக் காசு குடுத்துத் திரும்ப வாங்கித்தான் ஆகணும்.

பெட்டி பெருசா இருக்கணும். துரையோட மூக்கு நுனியில இருந்து வால் ஆரம்பம் வரைக்கும் அளந்து, அதுல ஒண்ணரை மடங்கு நீளம். கடையில பூனைப் பெட்டின்னு விக்கிறதுல பாதி குட்டிக்குத்தான் காணும். துணி வைக்கிற பிளாஸ்டிக் பெட்டி வாங்கி ஒரு பக்கம் தாழ வெட்டி விட்டா அதைவிட நல்லது, காசும் மிச்சம். மூடி வேண்டாம். ஒரு பூனைக்கு ரெண்டு பெட்டி, ரெண்டு பூனைக்கு மூணு. ரெண்டையும் ஒட்டி ஒட்டி வைக்காதே, பூனைக் கணக்குல அது ஒண்ணுதான். சோத்துத் தட்டுப் பக்கத்துல வைக்காதே. சத்தம் இல்லாத, தப்பிச்சு ஓட ரெண்டு பக்கம் வழி இருக்குற எடம் பாரு. பழைய பின்னறைக் கதவோரம் ஒண்ணு வை. இன்னொண்ணு மெத்தை பக்கம், அது எங்க போச்சோ அங்கேயே வை. பழகின பிறகு நாளுக்குக் கொஞ்சமா நகர்த்திக்கலாம். தினம் காலையும் சாயங்காலமும் அள்ளு. வாரத்துக்கு ஒரு தடவை கொட்டிட்டுச் சாதா சோப்புப் போட்டுக் கழுவு.

அள்ளுறது நீ. உன் வீட்டுக்காரி இல்ல. மாசமான பொண்ணு பூனை மலத்தைத் தொடாம இருக்குறது நல்லது. டாக்ஸோபிளாஸ்மான்னு ஒரு கிருமி அதுல இருந்தா வயித்துப் பிள்ளையைப் பாதிக்கும். அதுக்காகப் பூனையையே விரட்டணும்னு உன் மாமியார் ஒத்தைக் காலுல நிக்கிறாங்களாம். அந்தக் கிருமி மலத்துல வெளிய வந்து ஒரு நாளாவது போனாத்தான் ஒட்டுற பக்குவத்துக்கு வரும். தினம் தவறாம நீ அள்ளிக் கையைக் கழுவினா, அதுக்கு முன்னாடியே குப்பைக்குப் போயிடும். சரியா வேகாத இறைச்சியும் கழுவாத காய்கறியும் மூலமாத்தான் நிறையப் பேருக்கு அது வருது. மாமியார் கிட்ட சட்டினிக்குப் போடுற கொத்தமல்லியை நல்லாக் கழுவச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாதே.

அடுத்தது கழுவுற வேலை. உனக்குத் தெரியாத ஒண்ணு எனக்குத் தெரியும். மரத்துல இறக்கின பால் ஸ்டோருக்கு வர்றதுக்குள்ள உறைஞ்சுடக் கூடாதுன்னு அமோனியா ஊத்துவாங்க. அந்த நெடி மூக்குல ஏறினா கண்ணுல தண்ணி கொட்டும். பூனை மூத்திரம் நாள்பட்டா அதே நெடிதான் வரும். அதுல இருக்குற யூரியாவைக் கிருமி உடைச்சு அமோனியா ஆக்கிடுது. நீ அமோனியா கலந்த தரைத் தைலத்தை ஊத்தித் துடைச்சா, துரை மூக்குக்கு அது இன்னொரு பூனை வந்து போன அடையாளம். அழிக்கிறேன்னு நெனச்சு நீ முகவரி எழுதிக் குடுக்குற. அதைவிட மோசம் குளோரோக்ஸ். மூத்திர அமோனியாவும் குளோரோக்ஸும் சேர்ந்தா குளோரமின்னு விஷப் புகை கிளம்பும். கதவைச் சாத்திக்கிட்டு, மாசமான பொண்ணை வீட்டுல வச்சுக்கிட்டு அந்த வேலை வேண்டாம். டெட்டால் மாதிரி தண்ணியில ஊத்தினா வெள்ளையா மாறுற தைலமும் அந்துருண்டையும் பூனை உடம்புக்கு விஷம். மூலைக்கு மூலை அந்துருண்டை போட்டிருக்கியே, இன்னிக்கே பொறுக்கு.

ஈரத்தைத் துணியால ஒத்தி எடு, தேய்க்காதே. என்சைம் கலந்த சலவைத்தூளை வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு ஊற விடு, இல்ல செல்லப்பிராணி கடையில அதுக்குன்னே விக்கிற என்சைம் மருந்தை வாங்கு. மூத்திரத்துல இருக்குற யூரிக் அமிலம் சாதா சோப்புக்குக் கரையாது. உலர்ந்த மாதிரி இருக்கும், மழைக்கால ஈரத்துல மறுபடி எழுந்து நாறும். கடையில மலிவாப் புற ஊதாக்கதிர் டார்ச் கிடைக்குது. ராத்திரி விளக்கை அணைச்சுட்டு அடிச்சுப் பாரு, பழைய கறை எல்லாம் மினுங்கும். எத்தனை மனு வந்து குவிஞ்சிருக்குன்னு அப்போ தெரியும்.

தண்ணி விஷயம் ஒண்ணு இருக்கு. வறண்ட பூமிச் சாதிங்கிறதால பூனைக்குத் தாகம் கம்மி, மூத்திரம் ரொம்பக் கெட்டி. வெறும் உலர்ந்த உருண்டைத் தீனியே போட்டா இன்னும் கெட்டிப்படும், கல்லு கட்ட வசதி. ஈரத் தீனி சேர்த்துக் குடு. உப்பும் மஞ்சளும் வெங்காயமும் போடாம அவிச்ச கெம்போங் மீன் தண்ணியைக் கொஞ்சம் ஊத்து, நக்கிக் குடிக்கும். ரெண்டு மூணு எடத்துல தண்ணிக் கிண்ணம் வை. ஏறி உக்கார உசரமா ஒரு எடம் குடு, ஒளிய ஒரு அட்டைப் பெட்டி குடு, சாயங்காலம் கொஞ்ச நேரம் கயித்தை ஆட்டி விளையாடு. பிள்ளை பிறந்தா உனக்குத் தூக்கம் போயிடும், அதனால இப்பவே துரைக்கு ஒரு ஒழுங்கைப் பழக்கிடு.

துரை மூக்கைப் பிடிச்சு ஈரத்துல தேய்ச்சேன்னு பெருமையாச் சொன்ன. அதுக்கு என்ன புரிஞ்சிருக்கும்னு நெனக்கிற? இந்த ஆளு கிட்ட வந்தா ஆபத்துன்னு புரிஞ்சிருக்கும். மூத்திரத்துக்கும் அடிக்கும் அது முடிச்சுப் போடாது. இனிமே நீ இல்லாத எடமாப் பார்த்துப் போகும், கட்டிலுக்கு அடியில, அலமாரிக்குப் பின்னால. அடியும் உதையும் அளவு மீறினா அது உன் வீட்டு விவகாரம் மட்டும் இல்ல. 2015-ல போட்ட மிருகநலச் சட்டத்துல, சித்திரவதைன்னு நிரூபிச்சா 20,000 ரிங்கிட்டுல இருந்து 100,000 ரிங்கிட் வரைக்கும் அபராதம், மூணு வருஷம் வரைக்கும் சிறை, இல்ல ரெண்டும். அந்தக் காசுக்கு எத்தனை மெத்தை வாங்கலாம்னு உனக்குத் தெரிஞ்ச கணக்குல போட்டுப் பாரு.

துரையைச் சாக்குல கட்டி பாசார்ல விட்டுட்டு ஒரு பெர்சியன் வாங்கிடலாம்னு யோசனையாம். நல்ல யோசனை. பெர்சியன் வம்சத்துல சிறுநீரகத்துல நீர்க்கட்டி வர்ற நோயே பரம்பரையா ஓடுது. மூத்திரத் தொல்லையை விரட்டிட்டு மூத்திரத் தொல்லையையே விலை குடுத்து வாங்குற சாமர்த்தியம் எல்லாருக்கும் வராது. வாலு முடிச்சு விழுந்து கோணலா இருக்கேன்னு துரையை இளக்காரமாப் பார்க்காதே. மலாய்த் தீவுகள்ல பூனைங்களோட வால் குட்டையா முடிச்சோட இருக்குன்னு 1868-லயே டார்வின் புத்தகத்துல எழுதிட்டாரு. உன் பேரும் என் பேரும் எந்தப் புத்தகத்துலயாவது இருக்கா? செம்பனைக் காட்டுலயும் இப்ப எலி பிடிக்கிற வேலை பூனைக்கு இல்ல, கூண்டு அடிச்சு வச்சு ஆந்தையை வேலைக்கு எடுத்துட்டாங்க. வேலையும் போயி வீடும் போனா அது எங்க போகும்?

நான் சொல்லி முடிச்சுட்டேன். மாமியாரை மாத்துறது உன்னால ஆகாது, துரையை மாத்துறதும் ஆகாது. பெட்டியை மாத்துறது ஒண்ணுதான் உன் கையில இருக்கு. முதல்ல டாக்டர், அப்புறம் பெட்டி, அப்புறம் ஆபரேஷன், அப்புறமும் போச்சுன்னா வந்து என்னைக் கேளு. இதுல ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் யாரையும் கேக்காதே. துரை குந்திக் குந்தி முக்கியும் சொட்டு வரலேன்னா, விடியட்டும்னு இருக்காதே. எனக்குப் போன் போட்டு யோசனை கேக்குற நேரத்துல ஜாசினோ மலாக்கா டவுனோ, எங்க டாக்டர் கதவு திறந்திருக்கோ அங்க தூக்கிட்டுப் போ.